சீசாவில் ஈயம் எவ்வளவு சேர்க்கலாம்?

இந்த ஊர் இறைச்சிக் கடையில் நான் இன்னும் ‘ஓம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். “அரை வீசையா?” என்று கடைக்காரர் கேட்பார். “ஓம்” என்பேன். ஓங்கிய கத்தி அந்தரத்தில் நிற்கும். “சாமி, கறிக்கடையில இன்னா மந்திரம்?” என்பார். நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தான் ஒருவன் ஆமாம் என்பதற்காக வாயைத் திறந்தால் வேதம் வருகிறது என்பது ஆம்பூருக்கு இன்றுவரை அலுக்காத வேடிக்கை. நானும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ‘ஆமா’ என்று சொல்லிப் பார்த்த அன்றைக்கு எனக்கே நான் பொய் சொல்வது போலிருந்தது. அதனால் மந்திரம் தொடர்கிறது, எலும்பும் கொஞ்சம் கூடவே விழுகிறது.

“உனக்கென்ன, கடல் கடந்தும் தமிழுக்குள்ளேதானே போய் விழுந்தாய்” என்று ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் உண்டு. மலாயாவுக்குப் போன என் மச்சான் அங்கே மலாயும் சீனமும் படித்து முழி பிதுங்குகிறானாம்; நான் தாய்மொழியில் கால் நீட்டிப் படுத்துக் கிடக்கிறேனாம். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மலாய் தெரியாதவனுக்குத் தனக்கு மலாய் தெரியாது என்பது தெரியும். அவன் பத்திரமாக இருப்பான். எனக்குத் தமிழ் தெரியும். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்தி மலையடிவாரத்தில், ஒரு பாறைக்குப் பின்னால், செத்தேன் என்று குந்தியிருக்க நேர்ந்தது. பகிடியாகத்தான் எழுதப் போகிறேன், சிரிப்பதானால் சிரியுங்கள். ஆனால் எழுதுகிற கை இப்போதும் குளிர்ந்துதான் இருக்கிறது.

இங்கே தோல் தொழிற்சாலை ஒன்றில் எனக்குக் ‘கெமிஸ்ட்’ உத்தியோகம். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில்தான் தோல் பதமாகிறது. அந்தத் தண்ணீரில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, அது எந்த இலக்கத்தில் நிற்கிறதென்று பார்த்து, தண்ணீர் தடிப்பா ஐதா என்று சொல்வது என் வேலை. குழாய் சொல்வதை நான் திருப்பிச் சொல்கிறேன்; சம்பளத்தை மட்டும் குழாய்க்குக் கொடுப்பதில்லை. ஆனாலும் கெமிஸ்ட் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் ஒரு மவுசு. தேள்கடி முதல் சுவரில் உப்புப் பூப்பது வரை என்னிடம்தான் கேட்கிறார்கள். ‘தெரியாது’ என்று சொல்லும் பழக்கத்தை நான் தலைமன்னார்க் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்தவன். கேட்டவர் மனம் கோணாமல் ஏதாவது சொல்லி அனுப்புவேன். இதுவரை யாரும் சாகவில்லை.

சொல் சேர்ப்பதில் எனக்கு ஓர் ஆசை இருந்தது. எங்கள் போத்தல் இங்கே சீசா. எண்ணெய்க் கடையில் “சீசா எடுத்தாந்தியா?” என்று அதட்டியபோது கற்றது. எங்கள் குளிசையை இங்கே மாத்திரை என்கிறார்கள். வீட்டில் உருது பேசுகிற முஸ்லிம்களோ கோலி என்கிறார்கள். தலையிடி என்று போனபோது மருந்துக்கடைப் பாய் “இந்தக் கோலியப் போட்டுக்கினு படுங்க” என்று தந்தார். ஜாஸ்தி, கம்மி, பேஜார், ஜானவர் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஜானவர் என்றால் மிருகம். ஒரு சொல் கிடைத்த நாளெல்லாம் ஒரு பரப்புக் காணி வாங்கியவன் போல நிமிர்ந்து நடப்பேன். ஐந்தாறு பரப்புச் சேர்ந்ததும் ஊரே என்னுடையது என்று எண்ணிக்கொண்டேன். வேலிகளை யாரும் காட்டித் தரவில்லை.

என் வீட்டுக்காரர் கரீம் பாய். எங்கள் தொழிற்சாலைக்குப் பச்சைத் தோல் வாங்கிக் கொடுப்பவர். ஆள் கதவளவு, குரல் பூனையளவு. கண்ணில் எப்போதும் சுர்மா தீட்டியிருப்பார். அமிர்திக்குப் போகும் வழியில், மலைக் காட்டை ஒட்டி, அவருக்குக் கொஞ்சம் நிலக்கடலை நிலம் உண்டு. அவர் வீட்டின் பின்கட்டில் நான் குடியிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர், தொப்பியைக் கழற்றாமலே என் எதிரில் உட்கார்ந்தார்.

“கெமிஸ்ட் சார், ஒரு யோசனை கேக்கணும். வீட்ல கோலி பண்றேன். சீசாவுல ஈயம் எவ்ளோ சேக்கலாம்?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் வீட்டிலேயே குளிசை உருட்டுகிறார். அதைப் போத்தலில் போட்டு, கூடவே ஈயத்தையும் சேர்க்கப் பார்க்கிறார்! எங்கள் ஊரில் ஈயம் என்றால் மீன்வலையில் கோக்கிற அந்தக் கனத்த சாம்பல் நிற மணி. வயிற்றுக்குள் போனால் நஞ்சு.

“ஆருக்குப் பாய் இது?” என்றேன்.

“நம்ப நெலத்தாண்ட ஒரே பேஜாரு சார். பத் ஜானவர். போன வாட்டி கோலி நசுங்கிப் போச்சு. வேலையே செய்யல.”

பத்து ஜானவர். பத்து மாட்டுக்கு நோய். கொடுத்த குளிசை நசுங்கிவிட்டது. எல்லாம் கண்ணாடி போலத் துலங்கியது. “மருந்து சரியான அளவோ?” என்று வைத்தியத் தோரணையில் கேட்டேன்.

“மருந்து அளவாத்தான் இருக்குது. வேலூர்ல லைசன்சு கடைல வாங்கினது.”

லைசன்ஸ் உள்ள கடையில் மருந்து வாங்குகிற மனிதர் என்று அவர்மேல் எனக்கு மதிப்புக்கூட வந்தது. “அப்பிடியெண்டால் ஈயத்தைக் கிட்டவும் அண்ட விடாதேயுங்கோ பாய். ஒரு மணியும் வேண்டாம்.”

“வெறும் சீசாவா?”

“வெறும் சீசா போதும்.”

“மெத்துனு இருக்குமே சார்?”

“மெத்தெண்டு இருக்கிறதுதானே நல்லது. லேசாய் விழுங்கும்.”

பாய் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “முழுங்கட்டும் சார், நல்லா முழுங்கட்டும்! அப்ப அச்செழுத்து? பிரஸ் வெச்சிருக்கிற தோஸ்த் ஒருத்தர் ஒரு பை நெறைய குடுத்தாரு.”

போத்தலுக்கு மேலே ஒட்டுகிற லேபிளைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். “வீட்டுப் பாவனைக்குத்தானே, அச்செழுத்தெல்லாம் என்னத்துக்கு?”

“கெமிஸ்ட் நீங்க சொல்லிட்டீங்க. எனக்கு இன்னா தெரியும்?” என்று பணிவாக எழுந்து போனார். பத்து மாட்டைக் காப்பாற்றிய நிம்மதியில் நான் நன்றாக உண்டேன். மறுநாள் கொல்லையில் கரி அடுப்பு மூண்டது. காந்தல் வாடை வந்தது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து பாயின் மனைவி, “சார், இந்த வாட்டியாச்சும் கோலி சரியா வருமா? எனக்கு வயத்தக் கலக்குது” என்றார். “பயப்பிடாதேயுங்கோ, நான் பார்த்துத்தான் சொன்னனான்” என்றேன். மாட்டுக்காக இவ்வளவு கவலைப்படுகிற பெண்ணா என்று நெகிழ்ந்தும் போனேன். சாயந்தரம் பாய் வந்து அழைத்தார்: “நாளைக்கு நம்ப கோலி எப்டி வேலை செய்யுதுன்னு நீங்களே வந்து பாருங்க சார்.”

ஞாயிறன்று பட்டை ஏற்றப் போகும் லாரியில் கிளம்பினோம். கூடவே சின்னப்பன். தொழிற்சாலையில் என் கண்ணாடிக் குழாய்களைக் கழுவித் தருபவன். காலைப் பூசை முடித்து, வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னுமாக ஏறினான். அவனுக்கு ஒரு கால் சற்று இழுக்கும். நான் வந்த புதிதில் காரணம் கேட்டபோது, “ஜானவர் குத்திடிச்சு சார், பாய் நெலத்துல” என்றிருந்தான். முரட்டு எருது என்று நினைத்து ‘ச்சூ’ கொட்டியிருந்தேன். வண்டி வேலூரைத் தாண்டியதும் அவன் மெல்லக் கேட்டான்.

“சார், பயமா இல்லியா?”

“மிருகங்கள்தானே, என்ன பயம்? நான் வாயைப் பிடிச்சுத் திறக்கிறன். பாய் உள்ளுக்குப் போடட்டும்.”

சின்னப்பன் மடியிலிருந்த டின்னைக் கீழே இறக்கி வைத்தான். “சிலோன்ல அப்டித்தான் பண்ணுவாங்களா சார்?”

“ஓம்” என்றேன்.

அதற்குப் பிறகு இறங்கும்வரை அவன் என்னோடு பேசவில்லை. மரியாதையில் என்று நினைத்தேன்.

நிலத்தைப் பார்த்தபோது மாடு ஒன்றுமில்லை. கடலைப் பாத்திகளை யாரோ குடிவெறியில் உழுதது போலிருந்தது. மண் புரண்டு, செடி கவிழ்ந்து, பிஞ்செல்லாம் மிதிபட்டுக் கிடந்தது. அப்பால் முள் புதர், அதற்கு மேல் மலை. பாய் சாக்குக் கட்டை அவிழ்த்தார். உள்ளேயிருந்து, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய ரைபிள் ஒன்று எழுந்து வந்தது. கொம்புக் குடுவையிலிருந்து கறுப்புத் தூளைக் குழலுக்குள் சாய்த்தார். “மருந்து” என்றார் என்னைப் பார்த்து. பிறகு ஜிப்பாப் பையிலிருந்து சாம்பல் நிறத்தில் கட்டைவிரல் நுனியளவு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “நம்ப கோலி.”

நகம் தானாக அதில் இறங்கியது. வெண்ணெயில் கீறியது போலக் கோடு விழுந்தது. நான் சின்னப்பனை ஓரமாக இழுத்தேன்.

“சின்னப்பன், பத்து மாடு எங்கை?”

“இன்னா சார், பத்து மாடா? அது பத்து இல்ல சார், பத். கெட்டதுன்னு அர்த்தம். பன்னி சார், காட்டுப் பன்னி. பாய் அதும் பேர வாயால சொல்ல மாட்டாரு. பத் ஜானவர்னுவாரு.” அவன் வேட்டியைத் தொடைவரை தூக்கிக் காட்டினான். முழங்காலுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தையல் தழும்பு. “போன வாட்டி கோலி மெத்துனு இருந்திச்சு. அதும் தோள்ல பட்டு நசுங்கிப் போச்சு. நேரா எங்கிட்ட வந்திச்சு. இந்த வாட்டி நீங்கதான் கெட்டியா பண்ணச் சொல்லியிருப்பீங்களே, அந்த தைரியத்துல வந்தேன்.”

கையிலிருந்த குண்டை அவனிடம் நீட்டினேன். “சீசா எண்டால் என்ன சின்னப்பன்?”

“அவங்க பாஷைல காரீயம் சார். கனமா, மெத்துனு இருக்குமே, அது. பாத்திரத்துக்குப் பூசுறதத்தான் நாங்க ஈயம்னுவோம். அதக் கொஞ்சம் கலந்தா இறுகும்.” அதற்குள் மற்ற ஆட்கள் கூப்பிட்டார்கள். டின்னைத் தூக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அவன் புதரின் அந்தப் பக்கம் போய்விட்டான்.

ஒவ்வொரு சொல்லாக வேடம் கலைத்தது. கோலி குண்டானது. மருந்து வெடிமருந்தானது. போத்தல் காரீயமானது. எங்கள் நஞ்சு அவர்கள் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயமானது. இறுகுவதற்கு வேண்டிய ஈயம், அச்செழுத்து என்ற இரண்டு பொருளையும் கேட்டு வந்த மனிதரிடம் இரண்டும் வேண்டாமென்று நானே சொல்லியிருக்கிறேன். போன முறை நசுங்கிய அதே மெத்தென்ற குண்டை, கெமிஸ்டின் ஆசியோடு, மறுபடி வார்த்து எடுத்து வந்திருக்கிறார்! அதை நம்பிச் சின்னப்பன் மறுபடி அதே புதருக்குள் போயிருக்கிறான்.

பாய் என்னைக் கையால் அமர்த்திப் பாறைக்குப் பின்னால் உட்கார வைத்து, உதட்டில் விரலை வைத்தார். அந்தப் பக்கம் டின்கள் அதிரத் தொடங்கின. நான் அவர் காதருகில் போய்ச் சொன்னேன். “பாய், பிழை. இது பிழை!”

“பொழைப்போம் சார்” என்றார் அவர், புதரிலிருந்து கண்ணை எடுக்காமல். “பயப்படாதீங்க. அல்லா இருக்கான், பொழைப்போம்.”

தவறு என்பதற்கும் உயிர் தப்புவதற்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போன முன்னோர்களை அந்த இடத்தில் மனமார வைதேன். “அந்தப் பிழை இல்லை பாய்...” என்று தொடங்கும்போது புதர் பிளந்தது.

நீங்கள் ஊரில் பார்க்கிற பன்றியை நினைக்காதீர்கள். கறுத்த பாறையொன்று கால் முளைத்து வந்தது போல வந்தது. பாய் சுட்டார். புகையில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தபோது அது விழாமல் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. பாய் நகர்ந்தார், நானும் நகர்ந்தேன். அவர் வலப்பக்கம், நான் பரலோகத்தின் பக்கம். அது அவரை இடித்துத் தள்ளிவிட்டு எங்கள் நடுவே பாய்ந்து போனது. சேறும் வியர்வையும் கலந்த அந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. எதிர்ப்புறத்தில் கிணற்றை ஒட்டி ஒரு சூரைமுள் புதர் உண்டு. அதற்குள் புகுந்து நின்றுகொண்டது. உறுமல் மட்டும் கேட்டது.

சின்னப்பனும் ஆட்களும் ஓடி வந்தபோது பாய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கிழிசல் இல்லை, பிசகல்தான். நிலத்தின் இந்தப் பக்கத்திலிருந்த காவல் கொட்டகைக்குத் தூக்கிப் போனோம். வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “நாளைக்குக் காலைல கடலை புடுங்கப் பொம்பளைங்க வருவாங்க சார்” என்றார் பாய். “பச்சப் புள்ளையத் தூக்கிக்கினு வந்து அந்தப் புதர் நெழல்லதான் தூளி கட்டுவாங்க. காயம் பட்டத அங்க வுட்டுட்டு நான் எப்டி வீட்டுக்குப் போறது?”

அப்போதுதான் சொன்னேன். போத்தல், குளிசை, பத்து மாடு, லேபிள், எல்லாவற்றையும். சொல்லி முடிக்கையில் குரல் எலிக்குஞ்சு போலாகிவிட்டது. பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பன்னி வாயத் தொறந்து புடிக்கறேன்னாரு பாய், லாரில” என்றான் சின்னப்பன்.

பாய் சிரிக்கத் தொடங்கினார். முழங்கால் வலிக்க வலிக்க, “யா அல்லா, யா அல்லா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சுர்மா கன்னமெல்லாம் வழிந்தது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. “செரி சார். இப்பச் சொல்லுங்க. ஈயம் வீட்ல இருக்குது. திருப்பிக் குடுக்கலாம்னு அச்செழுத்துப் பைய மட்டும் லாரில போட்டுக்கினு வந்தேன். அது ஆவுமா?”

அந்தப் பை வந்தது. தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள், ஒரு மரக்கால் அளவுக்கு. வாழ்க்கையில் முதல்முறையாகக் கெமிஸ்டாக இருக்க வேண்டிய வேளை வந்துவிட்டது, கைவசம் கண்ணாடிக் குழாயும் இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது எங்கோ அடியில் கிடந்தது. அச்செழுத்தில் காரீயம் மட்டுமல்ல. வெள்ளீயமும், அந்திமனி என்று ஒன்றும் இருக்கின்றன. அவைதான் எழுத்தைச் சீக்கிரம் தேயாமல் வைத்திருக்கின்றன. “உங்கடை கண்ணிலை இருக்கிற சுர்மாவின்ரை சொந்தக்காரன்” என்று பாய்க்கு விளக்கினேன்.

“அப்ப எங்க ஆளு” என்றார்.

அடுப்பு மூட்டினார்கள். வார்க்கும் அச்சையும் இரும்புக் கரண்டியையும் பாய் சாக்கிலேயே வைத்திருந்தார். மெத்தென்ற குண்டுகள் உருகின. அதில் எழுத்துகளைக் கைநிறைய அள்ளிப் போட்டேன். பயந்தவன் எதையும் கூடத்தான் போடுவான். “சார், தள்ளி நில்லுங்க” என்று சின்னப்பன் என்னைப் பின்னால் இழுத்தான். “வேர்வ ஒரு சொட்டு அதுல வுழுந்தா மூஞ்சிக்கே தெறிக்கும்.” என் முகத்திலிருந்து ஒரு சொட்டல்ல, ஒரு வாய்க்காலே ஓடிக்கொண்டிருந்தது. முதல் குண்டு கண்ணைப் பறிக்கிற பளபளப்போடு வந்தது. நகம் இறங்கவில்லை. நான் பெருமையாகப் பார்த்தேன். சின்னப்பன் கல்லால் ஒரு தட்டுத் தட்டினான். கற்கண்டு போல இரண்டாக உடைந்தது.

“எலும்புல பட்டா தூளாயிடும்” என்றார் பாய். உடைந்த துண்டுகளைத் திரும்பக் கரண்டியில் போட்டார்.

மெத்தென்று இருந்தால் நசுங்குகிறது; இறுகினால் உடைகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் சின்னப்பனின் மற்றத் தொடை இருக்கிறது. மிச்சமிருந்த காரீயக் குண்டுகளில் இரண்டைக் கரண்டியில் சேர்த்தேன். வார்த்தோம். தட்டினோம், சற்று விரிசல் விட்டது. இன்னும் ஒன்றைச் சேர்த்தேன். இந்த முறை நகம் வழுக்கியது. கல் பட்ட இடம் குழிந்தது, உடையவில்லை. தரையில் போட்டபோது ‘டொக்’ என்றும் இல்லாமல் ‘டிங்’ என்றும் இல்லாமல் ஒரு நடுத்தரமான சத்தம். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

“கெமிஸ்ட் சார், சொல்லுங்க. போதுமா?”

‘போதும்’ என்பது இங்கே என்னவாகப் பொருள்படும் என்று ஒரு கணம் நடுங்கினேன். பிறகு தெரிந்த பாஷையிலெல்லாம் சொன்னேன். “போதும். பஸ். இனஃப்.” பஸ் என்றால் உருதுவில் போதும்; அதை நல்லகாலமாக யாரும் மோட்டார் வண்டியாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பாயால் நிற்க முடிந்தது, மண்டியிட முடியவில்லை. அந்தக் கனத்த குழலைத் தாங்க ஒரு முட்டுக் கொடுக்க வேண்டும். சுற்றிலும் பார்த்தார். ஆட்கள் எல்லாரும் அவரைவிடக் குட்டை, அல்லது டின் தட்டப் போக வேண்டியவர்கள். உயரமும் வேலையின்மையும் ஒன்றாக அமைந்தவன் நான் ஒருவன்தான்.

“ஆடாம நில்லுங்க சார். நீங்க ஆடினா குறி ஆடும்” என்று சொல்லி, ரைபிளை என் தோள்மேல் வைத்தார்.

யோசித்துப் பாருங்கள். முன்னால் சூரைமுள் புதர். அதற்குள் நான் கோபப்படுத்திவைத்த மிருகம். காதுக்குப் பக்கத்தில் இரும்புக் குழல். அதற்குள் நான் கலந்த குண்டு. புதருக்குப் பக்கவாட்டில் டின்னோடு சின்னப்பன். என் தோள் ஆடினால் குண்டு அவன் பக்கம் போகும். உடம்பு முழுக்க இலை போல ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு தோளை மட்டும் ஆடாமல் வைக்க வேண்டும். வலக்கையில் என்னவோ அகப்பட்டது. பையைக் கொட்டியபோது கீழே விழுந்த எழுத்தொன்றைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டிருந்தேன் போலும். அதை எடுத்து இறுக்கிப் பிடித்தேன். என் நடுக்கத்தையெல்லாம் அந்தக் கைக்கு அனுப்பினேன். டின் ஒலித்தது. உறுமல் நின்றது. நிற்பதுதான் பயங்கரம் என்பது அன்றைக்குத் தெரிந்தது. பாயின் மூச்சு என் பிடரியில் நின்றது. புதர் அசைந்தது.

காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றியது போல என்று சொல்வோமே, அதை நான் இனி உவமையாகச் சொல்ல மாட்டேன். வெடித்த பிறகு உலகத்தில் சத்தமே இல்லை. பன்றி எங்களுக்குக் கொஞ்சம் முன்னால், ஓடி வந்த வாக்கிலேயே முன்னங்கால் மடிந்து, தலையை மண்ணில் வைத்துக் கிடந்தது. சின்னப்பன் மெதுவாகப் புதரைச் சுற்றி வந்தான். இரண்டு காலும் இருந்தன. அவன் வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. பிறகு பாய் கையைக் காட்டிக் கூப்பிட்டுப் பன்றியின் தோளைக் காட்டினார். தடித்த தோலின் காயத்துக்குள், முதலில் சுட்ட என் மெத்தென்ற குண்டு நாலணாக் காசு போலத் தட்டையாக ஒட்டியிருந்தது. இரண்டாவது உள்ளே போன வழி மட்டும் இருந்தது.

கையை விரிக்க முடியவில்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். உள்ளங்கையில், தோல் வெளுத்து, ஓர் எழுத்துப் பதிந்திருந்தது. ‘ழ’. இந்த எழுத்தின் பெருமையைப் பற்றி இனி ஒரு பிரசங்கம் வருமென்று பயப்பட வேண்டாம். எனக்கு நினைவுக்கு வந்ததெல்லாம், ‘பிழை’ என்று எழுதினால் கடைசியில் நிற்பது அது என்பதுதான்.

இறைச்சியை ஆட்கள் பங்கு வைத்தார்கள். பாய் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காமல் லாரியில் ஏறிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் திரைக்குப் பின்னால் நடந்த விசாரணையில் பாயின் பூனைக் குரலும் அடங்கிப்போனது. சற்று நேரத்தில் ஒரு தட்டில் பிரியாணி வந்தது. கொண்டுவந்து வைத்த பாயே அதன் செய்தியையும் சொன்னார், எனக்குக் காது கேட்பதற்காகக் கத்தினார்: “இது கோலி இல்லியாம் சார். முழுங்கலாமாம்!”

அந்த வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். தலையிடி என்று சந்தியிலுள்ள மருந்துக்கடையில் போய், நினைவில்லாமல், “ரெண்டு கோலி தாங்கோ” என்று கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “பக்கத்துக் கடையிலை கேளும் தம்பி, அங்கைதான் பெடியளுக்கு விளையாட்டுச் சாமான் விக்கினம்” என்றார். வீட்டில் எண்ணெய்ச் சீசா எங்கே என்றேன். அக்கா, “இந்தியாக்காரர் வந்திட்டார்” என்று உள்ளே கூவினாள். ஏதோ ஒன்று கேட்டபோது என் வாயிலிருந்து ‘ஆமா’ என்றுகூட வந்துவிட்டதாம். அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். புதரருகில் நின்றபோதுகூட இல்லாத ஒரு குளிர் அப்போது முதுகில் இறங்கியது.

இங்கே மந்திரக்காரன், அங்கே இந்தியாக்காரன். “பிழைக்கப் போன பிள்ளை” என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். “பொழைக்க வந்தவரு” என்று கரீம் பாயும் யாரிடமோ என்னைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டையும் கேட்கிறபோது, பாறைக்குப் பின்னால் கேட்ட ‘பொழைப்போம்’ என்ற அந்தப் பதில்தான் காதில் விழுகிறது. நான் ஒன்றைச் சொல்ல, அவர் மற்றதைக் கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் அன்றைக்கு நடந்தது.

அந்த ‘ழ’ இதை எழுதுகிற மேசைமேல் கிடக்கிறது. கையில் எடுத்துப் படித்தால் இடம்வலமாகத்தான் தெரிகிறது, அச்செழுத்தின் பிறவி அப்படி. சரியாகத் தெரிய வேண்டுமானால் இன்னொன்றின்மேல் அழுத்த வேண்டும். உள்ளங்கையில் பதிந்தது அன்று லாரி வேலூரைத் தாண்டும் முன்பே மங்கிவிட்டது. இப்போதும் சில மாலைகளில், கறிக்கடையில் சிரித்துவிட்டு வந்து, அதை எடுத்து இறுக்கிப் பிடிக்கிறேன். விரித்துப் பார்த்தால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கிறது.